சுவரில் இரண்டாவது துளை

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் மேல்தொட்டி கழுவினேன். அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சேறு. போன தடவை கழுவிய ஆள் ஒழுங்காகக் கழுவவில்லை என்று அப்போதே சொன்னேன், யார் கேட்டார்கள்?

மத்தியானம் சாப்பிடும்போது தவமணி ஒரு செய்தி சொன்னாள். பீளமேட்டுப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு பஞ்சாலையின் குடோனில் கலைக் கண்காட்சி நடக்கப்போகிறதாம். அதில் இவளுக்கும் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம். எனக்கு உள்ளபடியே சந்தோஷம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவள். நொய்யல் படித்துறையை வாட்டர் கலரில் வரைந்து ஹாலில் மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் போட்டோ என்றே நினைத்துக்கொள்வார்கள்.

"ஃபிரேம் போட நாளைக்கே ஆளைப் பாக்கறேன்" என்றேன்.

"படம் இல்லீங்க. ஒரு சுவரு வெக்கறேன்."

"சுவத்துல படம் வரையறயா?"

"வரையறதில்லீங்க. வெறுஞ்சுவரு. அதுல ஒரு ஓட்டை."

படம் வரையத் தெரிந்தவள் எதற்காக ஓட்டை போட வேண்டும் என்று கேட்டேன். ரசம் ஊற்ற வந்தாள், இடது கையால். இந்த வீட்டில் இடது கையால் பரிமாறக் கூடாது என்று கொஞ்ச நாளாகச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. சொன்னதும் கரண்டியை வலது கைக்கு மாற்றினாள். பாதி ரசம் மேஜைமேல் போயிற்று. நினைப்பெல்லாம் கண்காட்சியில்.

ஜனவரி 8, வியாழன்

பேங்கில் லாக்கர் பாரத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. என்னுடையது சரி. இவளுடையது பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கவுன்டரில் இருந்த பெண் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி போட்டாள். அது இன்னும் மோசம். எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக எறும்பு ஊர்ந்த மாதிரி. "முப்பது வருஷம் போர்டுல எழுதின கை. ஒரு கையெழுத்துப் போட முடியலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"ஏசி குளுருதுங்க" என்றாள்.

ஏசி எனக்கும்தான் குளிர்ந்தது. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். வரும் வழியில் தக்காளி வாங்கினோம். நல்ல தக்காளி.

ஜனவரி 11, ஞாயிறு

கண்காட்சி நடத்தும் பெண் வீட்டுக்கு வந்தாள். ரெஹானா என்று பெயர், போத்தனூர்க்காரி, முப்பது வயதுகூட இருக்காது. காதில் ஒரு பக்கம்தான் கம்மல். இன்னொன்று தொலைந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். தவமணி கண்ணைக் காட்டினாள்.

இது கண்ணால் பார்க்கிற கண்காட்சி மட்டும் இல்லையாம். ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு புலனுக்காம். ஒரு அறையில் வரிசையாக மூடி போட்ட பானைகள். மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். ஒன்றில் மில்லின் எண்ணெய்ப் பஞ்சு, ஒன்றில் மழை பெய்த செம்மண், ஒன்றில் ஆஸ்பத்திரி பினாயில்.

"பினாயில் மோக்கறதுக்கு எதுக்கும்மா கண்காட்சி? ஆஸ்பத்திரிக்கே போயிரலாமே" என்றேன்.

"ஆஸ்பத்திரியில யாரு அங்கிள் நின்னு மோந்து பாக்கறாங்க?" என்று சிரித்தாள். கெட்டிக்காரிதான்.

இன்னொரு அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். தரைக்கு அடியிலிருந்து ஸ்பின்னிங் மெஷின் சத்தம் வரும், காலால் கேட்க வேண்டும். அடுத்ததில் கும்மிருட்டு. யாரோ நாக்கில் நெல்லிக்காய்த் துண்டு வைப்பார்கள், பிறகு ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான். தவமணியின் சுவர் தொடுவதற்கு. ஓட்டை வழியாகக் கையை நீட்டினால் அந்தப் பக்கம் முகம் தெரியாத ஒருவர் பிடித்துக்கொள்வார். பேச்சுக் கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

"முன்னப்பின்ன தெரியாதவங்க கையை எதுக்குப் புடிக்கணும்?"

"தெரிஞ்சவங்க புடிக்கறதில்லையே அங்கிள்" என்றாள் ரெஹானா. தவமணி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தட்டில் வைக்காமல் ஒவ்வொன்றாகக் கொண்டு போனாள், மூன்று நடை.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

ஓசூரிலிருந்து மகள் சுபத்ரா வந்திருக்கிறாள், மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. கரும்பு நன்றாக இருந்தது. பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. சொன்னேன். அம்மாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மொட்டைமாடியில் சுபத்ரா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, அம்மாகிட்ட பேசுனீங்களா?"

"தினமும்தான் பேசறேன்."

"அதில்லப்பா. அம்மா உங்ககிட்ட எதாச்சும் சொல்லுச்சா?"

அப்போது கீழே மோட்டார் ஓடுகிற சத்தம் வேறுமாதிரி கேட்டது. பேரிங் போயிருக்குமோ என்று இறங்கிப் போனேன். பேரிங் நன்றாகத்தான் இருந்தது. அதைக் கழற்றி, கிரீஸ் வைத்து, திரும்பப் பூட்டி முடிப்பதற்குள் சுபத்ரா பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. கேட்டதற்கு வைட்டமின் என்றாள் தவமணி. சரி.

ஜனவரி 19, திங்கள்

குடோனுக்குப் போனேன். தச்சர் மாரப்பன் பிளைவுட் சுவரை நிறுத்திவிட்டார். ஆள் உயரத்துக்கு மேல், வெள்ளைப் பெயின்ட், சுத்தமான வேலை. வலது கைப் பக்கம் குறுக்காக ஒரு சின்னத் தடுப்பு. ஓட்டை இடது ஓரத்தில்.

நின்று பார்த்ததுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. பம்ப் கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். வார்ப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும், சிவப்புப் பெயின்டில் ஒரு தீற்று, ரிஜெக்ட், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த உருப்படியை யாரும் தொட மாட்டார்கள். இன்றைக்கும் சட்டைப் பையில் சிவப்பு மார்க்கர் இல்லாமல் வெளியே போவதில்லை. இந்தச் சுவரில் என்ன தப்பு என்றால், தடுப்பு இருக்கிற இடத்தில் வலது கையை நீட்டவே முடியாது. இடது கைதான் போகும். நம் ஊரில் எவன் இடது கையை நீட்டுவான்? கடையில் காசு கொடுத்தாலே கையை மாற்றச் சொல்கிறார்கள்.

"டீச்சரம்மா போட்டுக் குடுத்த அளவுங்க. நான் ஒண்ணும் மாத்தலீங்க" என்றார் மாரப்பன்.

டீச்சரம்மா அளவைத் திருப்பிப் போட்டுவிட்டாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு எல்லாவற்றிலும் கவனம் குறைகிறது.

ஜனவரி 21, புதன்

தவமணியும் ரெஹானாவும் திரைத்துணி எடுக்க டவுன்ஹாலுக்குப் போன நேரம் பார்த்து நான் குடோனுக்குப் போனேன். தடுப்பைக் கழற்றச் சொன்னேன். சுவரின் வலது பக்கம் அதே உயரத்தில் சிவப்பு மார்க்கரில் வட்டம் போட்டு, நடுவில் பெருக்கல் குறியும் போட்டுக் கொடுத்தேன். மாரப்பன் தயங்கினார்.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்களா?"

"நான் சொல்றேன், வெட்டுங்க."

சுத்தமாக வட்டம் வந்தது. பிசிறு கொஞ்சம் இருந்தது, உப்புத்தாள் போட்டு நானே தேய்த்துவிட்டேன். திறப்பு விழாவில் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அதற்காகத்தான் செய்தேன்.

ஜனவரி 22, வியாழன்

பார்த்துவிட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்ததை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"ரிஜெக்ட் பண்ணீட்டீங்களாக்கும்" என்றாள்.

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தோசை சுட்டாள். என்னோடு பேசாமல் சுட்டாள்.

ஜனவரி 23, வெள்ளி

திறப்பு விழா. நல்ல கூட்டம். ஒரு தொழிலதிபர் ரிப்பன் வெட்டினார், நெல்லிக்காய் அறையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார், தண்ணீர் குடித்த பிறகு இனிக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னார். ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி.

தவமணியின் சுவருக்கு முன்னால் வரிசை. சுவருக்குப் பின்னால், திரை மறைவில், அவள்தான் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் நான் வெட்டிய துளையில்தான் கை விட்டார்கள். அவளுடைய துளை பக்கம் ஒருவரும் போகவில்லை. பார்த்தாயா என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மாள் மட்டும் கையை வெளியே எடுத்ததும் என்னிடம் வந்தார். அமைப்பாளர் என்று நினைத்துவிட்டார் போல.

"ஏனுங்க, உள்ள இருக்கறவங்க இடது கையால புடிக்கறாங்களே, அதென்ன மரியாதைங்க?"

கூட்டம் குறைந்ததும் திரையை விலக்கி, "வலது கையால புடி தவமணி, எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குது" என்றேன்.

வலது கை மடியில் முந்தானைக்கு அடியில் இருந்தது. "புடிச்சா அவங்க பயந்துக்குவாங்க" என்றாள்.

எதற்குப் பயப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பசி எடுத்தது. டீக்கடைக்குப் போய் ஒரு டீயும் வர்க்கியும் சாப்பிட்டேன். வர்க்கி பழசு.

ஜனவரி 25, ஞாயிறு

ரெஹானா இன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆன்ட்டியின் சுவரில் ஒரே துளைதான் இருந்திருக்க வேண்டும் என்றாள். இடது கைக்கென்றே யோசித்து வைத்ததாம். வலது கை எல்லாருக்கும் எல்லாம் கொடுத்துப் பழகிய கை, இடது கையை நாம் யாருக்கும் நீட்டுவதே இல்லை, வீட்டுக்குள்ளேயே தீண்டாத ஒரு கையை வைத்திருக்கிறோம், அதை ஒருவர் வாங்கிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் இந்தச் சுவர் என்று விண்ணப்பத்திலேயே தவமணி சொல்லியிருந்தாளாம்.

"ஜனங்க தயங்கணும் அங்கிள். அந்தத் தயக்கம்தான் வேலையே. இப்பத் தயங்கவே வழியில்லாமப் பண்ணீட்டீங்க."

வீட்டுக்கு வந்து தவமணியிடம், நாளைக்கே மாரப்பனைக் கூப்பிட்டு அடைத்துவிடுகிறேன், பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் வெட்டின தடமே தெரியாது என்றேன்.

"போச்சாது போங்க. வெட்டுனது வெட்டுனதாவே இருக்கட்டும்."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எதைங்க?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன். அது நேற்றைய தாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்

சுவருக்குப் பின்னால் உட்காரும் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேரும் காவடிக்கூட்டத்தோடு பழனிக்கு நடந்து போய்விட்டார்கள். தவமணிக்கு முதுகுவலி. மருதமலைக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் வேறு குடோனுக்குள் வந்துகொண்டே இருந்தது. ரெஹானா, "அங்கிள், ஒரே ஒரு மணி நேரம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடுக்கு நான் என்ன சொல்வது? உட்கார்ந்தேன். வெளியே ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்கள்: இப்போது பின்னால் இருப்பவர் ஆண். விருப்பம் இருந்தால் மட்டும் கையை நீட்டவும்.

யாரும் நீட்ட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். திருநீறு மணக்க ஒரு கை வந்தது. அடுத்து ஒரு குழந்தைக் கை, கடலை மிட்டாய்ப் பிசுபிசுப்போடு, பிடித்ததும் கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டு ஓடிவிட்டது. கல்மோதிரம் போட்ட ஒரு கை வந்து வெகுநேரம் போகவே இல்லை. முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, அது போனபோது என் கை காற்றில் சும்மா நின்றது. மனிதர்களை இத்தனை நாள் முகத்தைப் பார்த்தே எடை போட்டிருக்கிறேன். கைக்கு முகத்தின் திமிர் கிடையாது போலிருக்கிறது.

ஒரு தடவை இடது துளையில் நாலு விரல்கள் எட்டிப் பார்த்தன. உள்ளே போயின. மறுபடி வந்தன. நான் பிடித்தேன். அந்தக் கை வேர்த்திருந்தது. வெளியே ஒரு பெண் குரல் "ஐயோ, புடிச்சுட்டாங்க!" என்று சிரித்தது. சிரிப்பு நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

கடைசியில் ஒரு வயதானவரின் வலது கை. அது நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரோ பயமோ இல்லை. கட்டைவிரல் சுட்டுவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, மாத்திரை உருட்டுகிற மாதிரி. நான் இறுக்கிப் பிடித்தேன். பம்ப் டெஸ்டிங்கில் அதிர்கிற குழாயை அப்படித்தான் பிடிப்போம், பிடித்தால் நின்றுவிடும். இது நிற்கவில்லை. இன்னும் இறுக்கினேன். கை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் யாரிடமோ சொன்னது நன்றாகக் கேட்டது.

"புடிச்சு அமுக்கறாருங்க. அமுக்குனா நிக்கறதா இருந்தா நானே அமுக்கிக்க மாட்டனா?"

ரெஹானாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

வாஷ்பேசின் குழாயில் வாஷர் மாற்றினேன்.

பிப்ரவரி 5, வியாழன்

நாலு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். கேஸ் சிலிண்டர் வந்தது.

தவமணி சேலைக்கு ஊக்குக் குத்த முடியாமல் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். நான் போய்க் குத்திவிட்டிருக்கலாம். போகவில்லை. போனால் அப்புறம் கேட்க வேண்டும். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். ஊக்கு இல்லாமலே கிளம்பிப் போனாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்றோடு கண்காட்சி முடிந்தது. சாயங்காலம் பிரிக்கிற வேலை. நானாகவே ரெஹானாவிடம் போய், கடைசி ஒரு மணி நேரம் நான் உட்காரட்டுமா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், அட்டையைத் தொங்கவிட்டாள்.

கூட்டம் இல்லை. பானை அறையில் யாரோ மூடிகளைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம். மில் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள் போல, காலடியில் அதிர்வு இல்லை. ஒரு பையன் கை விட்டான், ஒரு போலீஸ்காரர் விட்டார் (காக்கிச் சட்டைக் கை தெரிந்தது), பிறகு நிறைய நேரம் யாரும் வரவில்லை.

வலது துளையில், நான் வெட்டிய துளையில், ஒரு கை வந்தது.

கண்ணாடி வளையல் இரண்டும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் கொஞ்ச நாளாக வீட்டில் இரவும் பகலும் கேட்கிற சத்தம்தான். மணிக்கட்டில் பழைய தழும்பு, வடைச் சட்டி எண்ணெய் பட்டது, சுபத்ரா கைக்குழந்தையாக இருந்தபோது. கட்டைவிரல் சுட்டுவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

நான் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை நீட்டினது நீட்டினபடியே இருந்தது. பின்னுக்குப் போகவில்லை. யார் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துதான் வந்திருக்கிறாள்.

பிடித்தேன். இறுக்கவில்லை. உள்ளங்கையை அடியில் கொடுத்து, மற்றதை மேலே வைத்து, அது ஆடுகிறபடி ஆட விட்டேன். என் கைகளும் கூடச் சேர்ந்து ஆடின. கொஞ்ச நேரத்தில் ஆடுவது அவள் கையா என் கையா என்று எனக்கே தெரியவில்லை. இங்கே பேசக் கூடாது என்பது விதி. எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது, துடைக்கக் கை இல்லை.

விதியை அவள்தான் உடைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, மெதுவாக.

"பார்க்கின்சன்னு சொல்றாங்க. புரட்டாசியிலயே சொல்லீட்டாங்க."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"பொங்கலப்பத் தெரியும். மாத்திரைப் பேரை மெடிக்கல் ஷாப்புல கேட்டேன்."

வளையல் மோதிக்கொண்டது. பிறகு கேட்டாள்: "அப்பொறம் ஏனுங்க என்ற கிட்டக் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

"உங்க பையில செவப்பு மார்க்கர் இருக்குமேன்னுதான்."

இதை அவள் குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. குடை எடுத்துப் போனீர்களா என்று கேட்கிற மாதிரி சொன்னாள். நாற்பது வருஷமாக ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாள், அவளுடைய கை நடுங்குவதற்கு அவள் பயப்பட்டதைவிட, அதை நான் பார்த்துவிடுவேனோ என்று அதிகம் பயந்திருக்கிறாள். சட்டைப் பையைக் குனிந்து பார்த்தேன். மார்க்கர் இருந்தது. இன்றைக்கும் மறக்காமல் எடுத்து வந்திருக்கிறேன்.

"இனிமே வரைய முடியாதுங்க. அதனாலதான் சுவரு. இந்தக் கை போனா இடது கையிலதான் பொழைக்கணும். அதுக்கு முன்னால ஊரு அதை வாங்குமான்னு பாக்கலாம்னு நெனைச்சேன். ஊரை விடுங்க. நீங்க வாங்குவீங்களான்னு."

இடது துளை என் பக்கத்தில்தான் இருந்தது. அவள் போட்ட துளை, அவள் அளந்து போட்ட துளை. ஒரு கையால் அவளுடைய வலது கையைப் பிடித்தபடியே, என் இடது கையை அந்தத் துளை வழியாக வெளியே நீட்டினேன். பூஜை அறையில், பந்தியில், கல்யாண மண்டபத்தில், யாருக்கும் எதற்கும் நான் நீட்டாத கை.

கொஞ்ச நேரம் காற்றுதான் பட்டது. பிறகு அவளுடைய இடது கை வந்து பிடித்தது. அது நடுங்கவே இல்லை. நல்ல கனமான பிடி.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தோம் என்று தெரியாது. மாரப்பன் உளிப்பெட்டியோடு வந்து நிற்பது திரை இடுக்கில் தெரிந்தது. "அங்கிள், டைம் ஆயிருச்சு, சுவத்தைப் பிரிக்கணும்" என்று ரெஹானா கூப்பிட்டாள்.

"சித்தெ இரும்மா" என்றேன்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் சுபத்ராவிடம் போனில் பேசினேன். "அம்மா சொல்லுச்சாப்பா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். அந்தப் பக்கம் அழுதாள். நானும் இந்தப் பக்கம் கொஞ்சம். வியாழக்கிழமை நரம்பு டாக்டரிடம் போக வேண்டும், இந்த முறை நானும் போகிறேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று சுபத்ரா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பேங்கில் போய் இடது கைக் கையெழுத்து செல்லுமா என்றும் கேட்க வேண்டும்.

சேலைக்கு ஊக்கு நான்தான் குத்திவிட்டேன். இரண்டு தடவை தோளில் குத்திவிட்டது. "இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்த ஆளுங்களா நீங்க?" என்று கேட்டாள்.

மத்தியானம் சோறு, அவரைக்காய்ப் பொரியல், ரசம். ரசக் கரண்டியை எடுத்தவள் வலது கைக்கு மாற்றப் போனாள். மாற்றாமல் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தட்டை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன். இடது கையாலேயே ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூட வெளியே விழவில்லை.

உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சொல்லவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.